கூறு போட்ட மாத்திரைகள்

ஐயா,

இந்தக் கடிதத்தை ஜொகூர் பாருவில் உன்னோடு அறையில் தங்கியிருக்கிற பையன்கள் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. ஃபேக்டரி கேண்டீன் மேசை மேல் விரித்து வைத்துக்கூடப் படி. மலம், ரத்தம், ஆசனவாய் என்று இதில் வருகிற எந்தச் சொல்லையும் நான் மறைத்து எழுதப் போவதில்லை. மறைத்து மறைத்துத்தான் நம் வீட்டில் ஓர் ஆள் போய்ச் சேர்ந்தான். போன ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் நான் பேச்சை எடுத்ததுமே நீ, "அப்பா, கல்யாணம் முடியட்டும்லா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டாய். நானும் ரிசீவரை வைத்தேன். அடுப்படியிலிருந்து உன் அம்மா, "என்ன சொன்னான்?" என்று கேட்டாள். "வர்றேன்னுட்டான்" என்று பொய் சொல்லிவிட்டேன். அந்தப் பொய்யை உண்மையாக்கத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கல்யாணத்துக்கு முன்னால் நீ மலாக்கா டவுன் ஆஸ்பத்திரிக்கு வந்து ஸ்கோப் எடுத்துக்கொள்ள வேண்டும். அது என்னவென்று உனக்குத் தெரியும்; தெரிந்ததால்தான் நழுவுகிறாய். நுனியில் விளக்கு வைத்த நீளமான குழாயைப் பின்பக்கமாக விட்டுப் பெருங்குடலை உள்ளே சுற்றிப் பார்ப்பார்கள். குடலின் சுவரில் சின்னதாகச் சதை முளைத்திருந்தால் அதற்குப் பேர் பாலிப். மழை விட்டதும் விழுந்து கிடக்கிற ரப்பர் மரக் கட்டையில் காளான் முளைக்குமே, என்னுடையது அப்படித்தான் இருந்தது. டாக்டரம்மா டீவிப் பெட்டியில் படம் காட்டினார். அதனால் வலி இல்லை, காய்ச்சல் இல்லை, அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும். சிலது கடைசிவரை சும்மாவே இருந்துவிடும். சிலது வருஷக் கணக்கில் வளர்ந்து புற்றாகிவிடும். முளையாக இருக்கும்போதே கம்பிச் சுருக்குப் போட்டு அறுத்து எடுத்துவிட்டால் அந்த முளை வளர்ந்து ஆளைக் கொல்ல வழியில்லை. விஷயம் இவ்வளவுதான். இதற்குத்தான் நீ கல்யாண மண்டபத்தைக் காட்டி என்னிடம் தவணை கேட்கிறாய்.

ராஜு சித்தப்பாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். அவன் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டிக்கொண்டிருந்தது உனக்கு நினைவிருக்கும். நாம் இன்னும் நியாலாஸ் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருந்த காலம். ஒருநாள் லோரியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "அண்ணே, வெளிக்குப் போனா ரத்தமா போவுது" என்றான். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் அண்ணன் அல்லவா, எனக்கு எல்லாம் தெரியும் அல்லவா! "நாள் பூரா என்ஜின் சூட்டு மேல உக்காந்திருக்க. மூலச் சூடுதான். எளநீ குடி, கருணைக்கெழங்கு தின்னு, சரியாப்போயிரும்" என்றேன். அதோடு விட்டேனா? பாசாரில் தேடிப் பிடித்து, மூலத்துக்கு நல்லது என்று கடைக்காரன் சொன்ன ஓர் இரும்பு மோதிரத்தையும் வாங்கி வந்து நானே அவன் விரலில் போட்டுவிட்டேன். ரத்தம் நடுவில் கொஞ்ச நாள் நின்றது. "மோதிரம் வேல செய்யுதுண்ணே" என்று அவன் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு வருஷம் அந்த மோதிரத்தோடு லோரி ஓட்டினான். வயிறு அடைத்து, வாந்தி நிற்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டுத் தைத்து மூடிவிட்டார்கள். குடலில் புற்று, ஈரல் வரைக்கும் போய்விட்டது. நாற்பத்தொரு வயது. அவனைக் குளிப்பாட்டும்போது நீ எனக்குப் பக்கத்தில் தண்ணீர் வாளியோடு நின்றாய். விரல் மெலிந்து போயிருந்ததால் மோதிரம் தானாகக் கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது. அதை யாருக்கும் தெரியாமல் இடுப்பு வேட்டியில் செருகிக்கொண்டேன். பதினாறாம் நாள் ஆற்றில் எறிந்தேன். என் தம்பியை என் வாய்தான் கொன்றது என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆறுதல் சொல்லி எனக்குப் பதில் எழுதாதே, அது எனக்கு வேண்டாம்.

இவ்வளவு பட்டவன், தனக்கு ரத்தம் வந்தபோது தலை தெறிக்க ஓடியிருக்க வேண்டாமா? ஓடவில்லை. அப்போது தோட்டத்து வேலையை விட்டுப் பெம்பான் வந்துவிட்டோம், பள்ளிக்கூடத்தைக் காவல் காக்கிற ஜாகா வேலை எனக்கு. மாதக் கணக்கில் வாயைத் திறக்கவில்லை. பயம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். உன் அம்மா என் துணியைத் துவைக்கும்போது கண்டுபிடித்துவிட்டாள். ஈரத் துணியைக் கையில் பிடித்தபடியே வந்து நின்று, "நீங்களா பஸ் ஏறுறீங்களா, இல்ல நான் ஸ்கூலுக்கு வந்து ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லவா?" என்று கேட்டாள். உன் அம்மா சொன்னால் செய்வாள் என்று உனக்குத் தெரியும். மறுநாளே பஸ் ஏறினேன். இரண்டு பாலிப் இருந்தன. அறுத்து எடுத்தார்கள். சோதித்துப் பார்த்ததில் இரண்டுமே இன்னும் புற்றாகவில்லை. இன்றைக்கு நான் உட்கார்ந்து உனக்கு இப்படி நீட்டி முழக்குவது அந்த ஈரத் துணியின் புண்ணியம்.

இதுவரை சொன்னதில் பெரும்பாலும் உனக்குத் தெரிந்த கதை. இனிமேல் சொல்லப் போவது உனக்குத் தெரியாது, உன் அம்மாவுக்குமே பாதிதான் தெரியும். எனக்கு ஸ்கோப் எடுத்த டாக்டரம்மா யாழ்ப்பாணத்துக்காரர் வீட்டுப் பெண். ஆமாம் என்பதற்கு 'ஓம்' என்பார், முதல் தடவை ஏதோ மந்திரம் சொல்கிறார் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டேன். முளையை எடுத்த அடுத்த மாதம் என்னை உட்கார வைத்து, "ஐயா, இங்க ஒரு ஆய்வு நடக்குது. முளை திரும்ப வராம ஒரு மாத்திரை தடுக்குமோ எண்டு பாக்கிறம். தடுக்குமோ இல்லையோ எனக்குத் தெரியாது. தெரியாதபடியாத்தான் ஆய்வு" என்றார். சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு மருந்து உள்ள மாத்திரை, மற்றப் பாதிப் பேருக்குப் பார்க்க அச்சாக அதே மாதிரி இருக்கிற, மருந்து இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குவது போல் முடிவு செய்யும். சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. மூன்று வருஷம் கழித்து எல்லோருக்கும் மறுபடி ஸ்கோப் எடுத்து, யாருக்கு முளைத்திருக்கிறது என்று பார்ப்பார்கள். "விருப்பமில்லையெண்டா சேர வேண்டாம், நடுவில விட்டுட்டும் போகலாம். உங்கட வைத்தியத்தில ஒண்டும் குறையாது" என்றும் சொன்னார். எனக்கு ராஜு ஞாபகம் வந்தது. தோட்டத்துக் காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிட்டதும் கை தூக்குகிற மாதிரி, "நான் இருக்கேன் டாக்டரம்மா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அடுத்த வீட்டுக்குப் போய்க் காளியப்பன் பெரியப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நமக்கு ரத்த உறவில்லை என்றாலும் லயத்தில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அவர். பெம்பானுக்கு வந்தும் பக்கத்துப் பக்கத்து வீடு. முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "எனக்கும் ரெண்டு மாசமா போவுதுடா" என்றார். அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது நான். அவருக்கும் முளை இருந்தது, எடுத்தார்கள், அவரும் அதே ஆய்வில் சேர்ந்தார். அவர் பேர் எழுதி ஒரு போத்தல், என் பேர் எழுதி ஒரு போத்தல்.

தீபாவளிக்கு முதல் நாள் லயத்தில் ஆடு வெட்டிக் கூறு போடுவதை நீ எத்தனை தடவை பார்த்திருக்கிறாய். பத்துப் பன்னிரண்டு குடும்பம் சேர்ந்து ஓர் ஆடு. கூறு போடுவது எப்போதும் காளியப்பன் பெரியப்பாதான். வாழை இலை மேல் பன்னிரண்டு குவியல் என்றால் ஒவ்வொரு குவியலிலும் ஈரல் ஒரு துண்டு, கொழுப்பு ஒரு துண்டு, எலும்பு ஒரு துண்டு இருக்க வேண்டும். ஒன்றில் கறி கூடிவிட்டால் அதிலிருந்து சுண்டுவிரல் அளவு வெட்டி இன்னொன்றில் வைப்பார். கூறு போட்டவன் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும் என்பது லயத்துச் சட்டம். அதனால்தான் அவர் கூறில் யாரும் குறை சொன்னதில்லை. நம் ஆட்களுக்குத் தோட்டத்துத் துரை கொடுக்காத நியாயத்தை நாங்கள் அந்த வாழை இலையில் கொடுத்துக்கொண்டோம். இதை நான் பெருமையாகத்தான் எழுதுகிறேன்.

அந்தப் பெருமைதான் காலை வாரிவிட்டது. மாத்திரை வாங்கி வந்த மூன்றாம் நாள் சாயங்காலம், காளியப்பன் பெரியப்பா தன் போத்தலோடு நம் வீட்டுக்கு வந்தார். "உன் போத்தல எடு" என்றார். எதுக்குண்ணே என்று கேட்டேன். "உனக்கு மருந்தும் எனக்கு வெறும் மாவுமா இருந்தா? இல்ல எனக்கு மருந்து, உனக்கு மாவுன்னா? நான் தின்னு பொழச்சு, நீ தின்னாம செத்தியன்னா உன் பொண்டாட்டி மூஞ்சில நான் எப்படிலா முழிக்கிறது?" என்றார். எனக்கு அது நூற்றுக்கு நூறு சரியாகப் பட்டது. உன் அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். காலி மைலோ டின் ஒன்றில் இரண்டு போத்தலையும் கவிழ்த்து, மூடி போட்டுக் குலுக்கினோம். பழைய நியூஸ் பேப்பரை விரித்து அவர் இரண்டு குவியலாகப் பிரித்தார். "நீ மொதல்ல எடு" என்றார். நான் இடது பக்கத்துக் குவியலை எடுத்தேன். அன்றைக்கு என் மனசு நிறைந்திருந்தது, ஐயா. தப்புச் செய்கிறோம் என்ற நினைப்பு ஒரு துளி இல்லை.

மூன்று வருஷம் இப்படியே நடந்தது. புதுப் போத்தல் வந்த அன்றைக்கெல்லாம் மைலோ டின் குலுங்கியது. ஆய்வுக்கு என்று ஒரு மலாய்க்கார நர்ஸ் மிஸ்ஸி இருந்தார், ரோஸ்னா என்று பேர். ஒவ்வொரு தடவையும் மிச்சமிருக்கிற மாத்திரையை ஒரு தட்டில் கொட்டி, கத்தி நுனியால் ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ணுவார். மற்றவர்களுக்கெல்லாம் மறந்தது, தொலைந்தது, பேரன் வாயில் போட்டது என்று ஏதாவது குறையும். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் எண்ணிக்கை இம்மி பிசகாது. "பாகுஸ், பாக்சிக்! பாகுஸ்!", ரொம்ப நல்லது பெரியவரே என்று மலாயில் மெச்சுவார். மற்ற நோயாளிகளிடம் எங்களைக் காட்டி, இந்த இரண்டு பெரியவர்களைப் பாருங்கள் என்பார். காளியப்பன் பெரியப்பா மீசையைத் தடவிக்கொள்வார். நானும் சிரித்துக்கொண்டு நிற்பேன்.

காடு எரிந்த புகை வந்து ஊரெல்லாம் மூட்டமாகக் கிடந்த வருஷத்தில் எங்களுக்கு மூன்றாம் வருஷ ஸ்கோப் வந்தது. ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடம் தெரியவில்லை. என் குடல் சுத்தமாக இருந்தது. காளியப்பன் பெரியப்பாவுக்கு இரண்டு புதிதாக முளைத்திருந்தன. அங்கேயே எடுத்துவிட்டார்கள், கெட்டது எதுவும் இல்லை. எல்லாம் முடிந்து நான் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, டாக்டரம்மா சொல்லச் சொல்ல ரோஸ்னா மிஸ்ஸி ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டார் என்ற கட்டத்தில் சரி போட்டதைப் பார்த்தேன். "இந்தத் தாளெல்லாம் எங்க போவும் டாக்டரம்மா?" என்று சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன். "எல்லாற்ற தாளையும் சேத்துப் பாத்துத்தான், பிறகு வாற ஆக்களுக்கு இந்த மாத்திரையைக் குடுக்கிறதோ இல்லையோ எண்டு முடிவெடுப்பினம். உங்கட பிள்ளைகளுக்கும்தான்" என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் காளியப்பன் பெரியப்பா முகத்தில் கட்டிய துணியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, "உனக்கு நல்ல கூறு விழுந்திருக்குடா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கட பிள்ளைகளுக்கும் என்ற வார்த்தை காதிலேயே நின்றது. வேலை செய்யாத மாத்திரையை வேலை செய்கிறது என்று அந்தத் தாள் சொல்லலாம். வேலை செய்கிற மாத்திரையை உதவாது என்று சொல்லலாம். எங்கோ ஒருவன் அதை நம்புவான். ராஜு என் மோதிரத்தை நம்பினானே, அதே மாதிரி. ஊர் உலகத்துக்கே இன்னொரு இரும்பு மோதிரம் வாங்கிக் கொடுக்கப் போகிறேன் என்று தோன்றியது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அம்மா, வயிறு சரியில்லையா என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் பெரியப்பாவிடம் போய், "அண்ணே, போயி சொல்லிருவோம்" என்றேன். அவர், "அடப் போடா. அந்த மிஸ்ஸி ஒக்காந்து எண்ணி எண்ணி எழுதுனது. தெரிஞ்சா அழுதுரும்" என்றார். அழட்டும் என்றேன். அப்புறம்தான் உள்ளே இருந்தது வெளியே வந்தது. "நம்மள தொரத்திட்டாங்கன்னா? மறுபடி மொளச்சா எனக்கு யாருடா கொழா விட்டுப் பாப்பா? ஒனக்குத்தான் ஒண்ணும் இல்லியே, நீ பேசுவ" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பயமும் உண்மைதான். எனக்கு அவரைக் கட்டாயப்படுத்த வாய் வரவில்லை. "நான் என்னுதை மட்டும் சொல்றேண்ணே" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். ஒருவன் போத்தலில் நடந்ததை மட்டும் சொல்லி, இன்னொருவனை மறைக்க முடியுமா என்று அப்போது யோசிக்கவில்லை. பஸ் வருகிற நேரத்துக்குத் திரும்பிப் பார்த்தால், பெரியப்பா மைலோ டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தார். "சாட்சி வேணும்லா" என்றார்.

டாக்டரம்மா டின்னைத் திறந்து உள்ளே பார்த்தார். எப்போதிலிருந்து என்று கேட்டார். "மொத மாசத்துலேர்ந்து" என்றேன். ரோஸ்னா மிஸ்ஸிக்கு அவர் மலாயில் சொன்னார். மிஸ்ஸி அழவில்லை. எழுந்து போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அலமாரியில் ஏற்கெனவே நேராக இருந்த ஃபைல்களை அடுக்கத் தொடங்கினார். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?" என்று டாக்டரம்மா கேட்டார். பெரியப்பா நிமிர்ந்து நின்று, "ஒருத்தனுக்குக் குடுத்து ஒருத்தனுக்குக் குடுக்காம விடறது நியாயமில்லீங்க. எங்க வழக்கம் அது இல்ல" என்றார். டாக்டரம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். "நியாயந்தான்" என்றார் மெதுவாக. "ஆனா ரெண்டு பேரும் கலந்து சாப்பிட்டா, அது வேலை செய்யுதோ எண்டு உங்களிட்ட இருந்து நான் என்னத்தை அறியிறது? ரெண்டு போத்தலும் ஒரே மாத்திரையாக்கூட இருந்திருக்கலாம், ஐயா." பெரியப்பாவின் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். மூன்று வருஷம் அவர் மாவையும் மாவையும் சேர்த்துக் கூறு போட்டிருக்கலாம் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

எங்கள் பேரை நீக்கிவிடுங்கள் என்று நான் சொன்னேன். "நீக்க ஏலாது. பிடிக்காததை எல்லாம் நீக்கினா அது ஆய்வில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுவம், மேல பாக்கிற ஆக்களுக்கும் அறிவிப்பம்" என்றார். எழுதி எங்களுக்குப் படித்துக் காட்டினார். அதில் எங்களைத் திட்டி ஒரு சொல் இல்லை. இரண்டு நோயாளிகள் மாத்திரையைக் கலந்து பகிர்ந்துகொண்டார்கள், தாங்களாகவே வந்து தெரிவித்தார்கள், அவ்வளவுதான். பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இனிமே எங்களுக்கு ஸ்கோப்பு...?" என்று இழுத்தார். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. உங்கட திகதிக்கு நீங்கள் வரத்தான் வேணும், வராட்டி ஆள் அனுப்புவன்" என்றார் டாக்டரம்மா. வெளியே வரும்போது ரோஸ்னா மிஸ்ஸி திரும்பி எங்களைப் பார்த்தார். பாகுஸ் என்று சொல்லவில்லை. கதவை மட்டும் பிடித்துக்கொண்டார்.

நாங்கள் வெளியே வருவதற்கு முன்னால் டாக்டரம்மா ஒரு பழைய கேள்வியைத் திரும்பக் கேட்டிருந்தார். அந்தக் கேள்வியால்தான் உனக்கு இந்தக் கடிதம். உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் குடல் வியாதி இருந்ததா என்பது அது; ஆய்வில் சேர்ந்த முதல் நாளே கேட்டிருந்தார்கள். அன்றைக்கு நான் இல்லை என்று சொல்லியிருந்தேன். ராஜுவைப் பற்றிச் சொன்னால் மோதிரத்தையும் சொல்ல வேண்டியிருக்குமே என்ற கோழைத்தனம். இந்தத் தடவை அதையும் கொட்டிவிட்டேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "தம்பிக்கு எத்தினை வயசில?" நாற்பத்தொன்று என்றேன். "அப்ப உங்கட பிள்ளைகளை அதுக்குப் பத்து வருசம் முன்னமே பாக்க வேணும். மாத்திரை உதவுமோ எண்டு எனக்கு இன்னும் தெரியாது. முளையைக் கண்டுபிடிச்சு எடுத்தா உதவும் எண்டு தெரியும். மாத்திரையை நீங்கள் பங்கு போட்டீங்கள், இதைப் பங்கு போட ஏலாது. அவரவர் வயித்தோட அவரவர்தான் வர வேணும்" என்றார். உனக்கு இந்தத் தை மாதத்தோடு முப்பத்தொன்று ஆகிவிட்டது. உன் தங்கைக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது. அவள் முறை வரும்போது அவளையும் விடமாட்டேன்.

பேசும்போதெல்லாம் ஒவ்வொரு சாக்குச் சொல்கிறாய். எனக்கு ரத்தமே போகவில்லையே என்கிறாய். மூன்றாம் வருஷம் காளியப்பன் பெரியப்பாவுக்கும் ஒரு சொட்டுப் போகவில்லை, உள்ளே இரண்டு இருந்தன. வெட்கமாக இருக்கிறது என்கிறாய். எனக்கும்தான் இருந்தது, ஊசி போட்டார்கள், போர்வை போர்த்தினார்கள், கண் சொக்கியது, எழுந்து கோப்பி குடித்தேன். அரை நாள் வெட்கம். அதைப் பெரிதாகப் பேச எனக்கும் உனக்கும் உரிமை இல்லை. பேசக்கூடிய ஆள் மண்ணுக்குள் இருக்கிறான். பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்கிறாய். இது மட்டும் எனக்கும் உறுத்தியது. போன புதன்கிழமை கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைக் காட்டுகிற சாக்கில் சிம்பாங் அம்பாட்டில் பெண் வீட்டுக்குப் போனேன், எல்லாவற்றையும் நானே சொல்லிவிடுவது என்ற முடிவோடு. சம்பந்தி நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்தப் பெண் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்து, "மாமா, சீனி போதுமா?" என்று கேட்டது. என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்படியே விழுங்கிவிட்டேன். எல்லாருக்கும் சேர்த்து நானே பேசி, நானே பிரித்துக் கொடுத்து நான் பட்டது போதும். உன் உடம்பைப் பற்றி அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டியது நீ. ஸ்கோப்புக்கு முன்னால் சொல், பின்னால் அல்ல. இதைக் கேட்டு முகம் சுளிக்கிற வீடு என்றால் அதுவும் தாலி கட்டுவதற்கு முன்னால் தெரிவது நல்லதுதான். அந்தப் பெண் சுளிக்காது என்று என் மனசு சொல்கிறது. ஆனால் என் மனசு மோதிரத்தையும் நல்லது என்று சொன்ன மனசு, அதனால் நீயே கேட்டுத் தெரிந்துகொள்.

கடைசியாகச் செய்து முடித்துவிட்ட காரியத்தைச் சொல்கிறேன். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய் உன் பேரில் அட்டை போட்டுவிட்டேன். அடுத்த மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி. எனக்கு வர வேண்டிய அடுத்த ஸ்கோப்பையும் அதே நாளுக்கு மாற்றிக் கேட்டேன், ரோஸ்னா மிஸ்ஸி பேர் எழுதிக்கொடுத்தார். முதல் நாள் மத்தியானத்திலிருந்து குடலைக் கழுவுகிற கரைசல் நாலு லிட்டர் குடிக்க வேண்டும். உப்புக் கரிக்கும், சகிக்காது, குடித்தால் எழுந்து எழுந்து ஓட வேண்டும். நம் வீட்டில் கக்கூஸ் ஒன்றுதான். நானும் நீயும் ஒரே சமயத்தில் ஓடினால் என்ன ஆவது என்று உன் அம்மா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். பெரியப்பா வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன், வயசுக்கு மரியாதை கொடுத்து நம் வீட்டுக் கக்கூஸ் எனக்கு, அவர் வீட்டுக் கக்கூஸ் உனக்கு. ஊசி போடுவதால் நம்மைத் தனியாகத் திரும்ப விடமாட்டார்கள். அம்மாவும் பெரியப்பாவும் துணைக்கு வருகிறார்கள்.

கரைசல் பாக்கெட்டுகளை மேசை மேல் வைத்திருந்தேன். காளியப்பன் பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, "கூறு போடவா?" என்று கேட்டார். "இத மட்டும் முடியாதுண்ணே, ஆளுக்கு முழுசு" என்றேன். அவர் அட்டைகளை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். எட்டு மணி உன் பேரில், எட்டரை என் பேரில். "வயசானவன் நீ, நீதான மொதல்ல போவணும்?" என்றார். அட்டை எழுதும்போது மிஸ்ஸியும் அதையேதான் கேட்டார். ராஜுவுக்கும் எனக்கும் இருந்த இந்த வியாதி உனக்கு இருந்தால், அது என் ரத்தத்திலிருந்து வந்ததுதான். கூறு போட்டவன் நான். அதனால் எட்டு மணிக்கு நீ போ, எட்டரைக்கு நான் வருகிறேன். திங்கட்கிழமை காலைப் பஸ்ஸை விட்டுவிடாதே.

உன் அப்பா